கிட்டார் பிக் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஸ்தம்பட்டியில் என் மாடி அறைக்குக் கிட்டார் பழக வருகிறவர்கள் முதல் நாள் பிக்கை, அதாவது கம்பியை மீட்டுகிற சின்னத் தகட்டைப் பிடிக்கும்போதே, 15 வருடத்துக்கு முந்தைய என் கையைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிக்கைத் தலைகீழாகப் பிடிப்பது, அடிக்கடி தொலைப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

இறுக்கிப் பிடிப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. சேலம் வெயிலில் விரல் வியர்க்கும், பிக் வழுக்கும். விழுந்துவிடுமோ என்று கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துவோம். அந்த அழுத்தம் விரலோடு நிற்காது. மணிக்கட்டு இறுகிப்போய், முழங்கையிலிருந்து அடிக்க ஆரம்பிப்போம். பிக் வளைந்து கொடுக்காமல் கம்பியை மாட்டி இழுக்கும், தாளம் பின்தங்கும்.

நான் ஒரு வருடம் அப்படித்தான் வாசித்தேன். 'நல்லா இறுக்கிப் பிடி' என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் மேடையில் நின்றால், குளிரில் விரல் விறைத்திருந்தது. இன்னும் இறுக்கினேன். மூன்றாவது பாட்டில் முன்கை பிடித்துக்கொண்டது. அப்புறம் நாலு மாதம் கிட்டாரைத் தொடவில்லை.

சரி, எப்படிப் பிடிப்பது? ஆள்காட்டி விரலை லேசாக மடக்கி, நுனிக் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வையுங்கள். மேலே கட்டைவிரலின் சதைப்பகுதி படியட்டும். நுனி அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். பக்கத்தில் இருப்பவரைப் பிக்கை இழுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு அது அவர் கையோடு வந்துவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். "சாமணத்துல வளையத்த எடுக்கிற மாதிரி, அப்படித்தானேண்ணா? அழுத்துனா நசுங்கிடும்" என்றான். அன்றைக்கே அவன் மணிக்கட்டு இளகிவிட்டது.

வியர்வைக்கு இறுக்கம் மருந்தல்ல. விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள், மேடான எழுத்துள்ள நைலான் பிக் வாங்குங்கள்.

எடுத்ததுமே தடித்த பிக்

0.73 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் இப்போது வேண்டாம்.

கீழ்நோக்கி மட்டுமே அடிப்பது

கை மேலே திரும்பத்தான் போகிறது. அப்போதும் கம்பியைத் தொடுங்கள்.

தேய்ந்த பிக்

நுனி சொரசொரப்பானால் மாற்றிவிடுங்கள்.