அலீவியேட், மிட்டிகேட்: எதை எங்கே எழுதுவது?

துன்பத்தைத் தணித்தலைக் குறிக்கும் 'அலீவியேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லை விளங்கிக்கொள்ள, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கு நம் குடிநீர்ப் பிரச்சினையே நல்ல சான்றாகும். எடை குறைந்தது என்று பொருள்படும் 'லெவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர் என்பதால், பாரத்தைக் குறைத்தல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். அடியோடு போக்குதல் அன்று. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களின் எலும்பில் முற்றிவிட்ட பாதிப்பை மருந்தால் முழுமையாக மாற்ற இயலாது என்றாலும், அவர்களுடைய மூட்டு வலியைத் தணிக்க இயலும். அந்தத் தணிப்புக்கு உரிய சொல் அலீவியேட்.

இதன் செயப்படுபொருளாக வலி, வறுமை, நெரிசல் போன்ற துன்பமே வரும். 'அலீவியேட் தி பெயின்' சரி. 'அலீவியேட் தி பேஷண்ட்' பிழை. ஆளைக் குறிப்பிட வேண்டுமானால் 'ரிலீவ்' என்று எழுதுங்கள்.

காவிரி நீரை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஃப்ளூரோசிஸ் மிட்டிகேஷன்', அதாவது ஃப்ளூரைடு மிகுதியால் வரும் நோயின் கடுமையைக் குறைத்தல், என்று இருப்பது மிகப் பொருத்தமானது. மென்மை என்னும் பொருளுடைய 'மிட்டிஸ்' என்பதிலிருந்து வந்த 'மிட்டிகேட்', ஒரு கேட்டின் கடுமையைக் குறைத்தலைக் குறிக்கிறது. வரவிருக்கும் கேட்டுக்கும் அது பொருந்தும். அதனுடன் 'அகெய்ன்ஸ்ட்' சேர்ப்பது பரவலான பிழை. அங்கே வர வேண்டியது, எதிராகச் செயல்படுதல் என்று பொருள்படும் 'மிலிடேட்'.