ஜார்ஜ் டவுனில் பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

பாரிமுனையின் மூலையில் நிற்கும் டேர் ஹவுஸின் வயது என்ன என்று கேட்டால் மூன்று விடைகள் சொல்லலாம். தாமஸ் பாரி சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கியது 1788-இல்; அந்த மூலை மனையை அவர் வாங்கியது 1803-இல்; இன்று நாம் பார்க்கும் கட்டடம் எழுந்தது 1940-இல். மூன்றும் உண்மைதான், ஆனால் ஒன்று கடையின் வரலாறு, ஒன்று மனையின் வரலாறு, ஒன்று கட்டடத்தின் வரலாறு. ஆகவே தேடப் புறப்படும் முன் ஒரு நோட்டில் மனை, கட்டடம், கடை என்று மூன்று பத்திகளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு கிடைத்தாலும், அது எந்தப் பத்திக்கு உரியது என்று தெரிந்த பிறகே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான், பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டு கட்டடத்தின் ஆண்டாகிப் பல கட்டுரைகளில் நிலைத்துவிடுகிறது. அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் 1844-இல் தொடங்கியது, கட்டடமோ 1904-ஐச் சேர்ந்தது.

அடுத்தது முகவரி. இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை பழைய ஆவணங்களில் சைனா பஜார் என்றும், பிரகாசம் சாலை பிராட்வே என்றும், ராஜாஜி சாலை முதல் கடற்கரைச் சாலை என்றும் இருக்கும். ஜார்ஜ் டவுனே ஒரு காலத்தில் கறுப்பர் நகரம். கதவு எண்ணை நம்பிப் போவது இன்னும் ஆபத்தானது. சென்னையில் வாசலுக்கு வாசல் பழைய எண், புதிய எண் என இரண்டு இருப்பதை அறிவோம். அந்தப் ‘பழைய’ எண்ணுக்கும் நூறாண்டுக்கு முந்தைய எண்ணுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எண்ணை விட்டுவிட்டு, தெருமுனை, கோயில், பக்கத்துச் சந்து என்று இடம் மாறாதவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சிறந்த துணை பத்திரம்தான். ஒரு சொத்தின் பேரில் பதிவான கைமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை முதலில் எடுங்கள். பல சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சான்றில் வரும் ஆவண எண்ணைக் கொண்டு கிரயப் பத்திரத்தின் நகலையும், அதில் குறிப்பிட்டிருக்கும் தாய்ப்பத்திரத்தின் (அதற்கு முந்தைய பத்திரத்தின்) நகலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெறலாம். பத்திரம் கைக்கு வந்ததும் எல்லோரும் விலையைப் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். அங்கே நான்கெல்லை எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் கிடங்கு, மேற்கே பொதுச் சந்து, வடக்கே இன்னார் வீடு. ஒரு பத்திரத்தில் ‘வீடும் மனையும்’ என்று இருந்து, அடுத்த பத்திரத்தில் அதே எல்லைக்குள் ‘மாடியும் கிடங்கும்’ என்று வந்தால், கட்டடம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். பக்கத்து மனைகளின் பத்திரங்களில் உங்கள் கட்டடம் எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சான்றில் ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் மனம் தளர வேண்டியதில்லை; கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ உரிய கட்டடம் தலைமுறைக் கணக்கில் கைமாறாமலே இருக்கும். கைமாறியும் பத்திரம் இல்லாத கட்டடங்களும் உண்டு. அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். மருந்து வணிகர் டபிள்யூ. ஈ. ஸ்மித் 1897-இல் கார்டில் பில்டிங் என்ற பெயரில் அதைக் கட்டினார். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது அது எல்.ஐ.சி.யிடம் போனது, ஆனால் அதற்குக் கிரயப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. சட்டமே சொத்தை மாற்றிக் கொடுத்துவிட்டது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று தடுத்தது. வழக்கில் சிக்கிய கட்டடத்துக்கு வழக்குக் கட்டே ஒரு வரலாற்று ஆவணம், ஆகவே வாடகை வழக்கானாலும் விசாரித்துப் பாருங்கள்.

காகிதம் சொல்வதைச் சுவரிடம் சரிபார்க்க வேண்டும். தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையைப் படிக்கட்டின் அடியிலோ, பூச்சு உதிர்ந்த மூலையிலோ நிமிர்ந்து பார்த்தாலே அடையாளம் தெரியும். இரும்பு விட்டத்தில் டாடா என்ற பெயர் இருந்தால் அது 1912-க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் ஜாம்ஷெட்பூரில் முதல் எஃகு வார்க்கப்பட்டது அந்த ஆண்டில்தான். மங்களூர் ஓட்டில் மட்டும் கவனம் தேவை: ஓட்டின் அடியில் 1865 என்று பொறித்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது, அது பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. நானும் ஒருமுறை அதைக் கட்டடத்தின் ஆண்டாகக் குறித்துவைத்துப் பிறகு அடித்துத் திருத்தினேன்.

கடைக்குள் பழைய ரசீதுப் புத்தகம் கிடைத்தால் அதைவிடப் பேறு வேறில்லை. கணக்கு அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. முகவரி ‘சென்னை-1’ என்று முடிந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தையது, ‘600 001’ என்று முடிந்தால் அஞ்சல் குறியீட்டு எண் வந்த பிறகு அச்சானது. தெருவின் புகைப்படத்தில் டிராம் தண்டவாளமும் மேலே மின்கம்பியும் தெரிந்தால், அது 1895-இல் டிராம் ஓடத் தொடங்கிய பின் எடுத்தது. டிராம் வண்டியே தெரிந்தால் சேவை நின்ற 1953-க்குள் எடுத்தது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் இவ்வளவையும் சேர்த்த பிறகே போவது நல்லது. கையில் தெருப் பெயரும் ஓர் ஆண்டும் இல்லாமல் போனால் நாள் முழுக்க வீணாகும். அசைலம் பிரஸ் வெளியிட்ட பழைய சென்னை விவரக் கையேடுகள் கிடைத்தால் ஐந்தாண்டுக்கு ஒன்றாக எடுத்து, அந்தத் தெருவில் இருந்த நிறுவனங்களின் பெயர்களை மட்டும் ஒப்பிடுங்கள். பெயர் மாறிய இடைவெளியை மட்டும் ஆண்டுவாரியாகப் பார்த்தால் போதும்.

மனிதர்களிடம் கேட்கும்போது, “ஐயா, இது எந்த வருஷம் கட்டியது?” என்று தொடங்காதீர்கள், மரியாதைக்காக ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். “நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த மாடி இருந்துச்சா? எம்.ஜி.ஆர். இறந்தப்ப இங்க எந்தக் கடை இருந்துச்சு?” என்று கேட்டால் கணக்குப்பிள்ளைக்கும் சுமை தூக்குபவருக்கும் நினைவு தெளிவாக வரும். அவர்கள் சொன்னதைச் சொன்னவர் பெயரோடு தனியே எழுதி, பத்திரம் உறுதிசெய்த வரிகளை மையிலும் மற்றவற்றைப் பென்சிலிலும் வையுங்கள். எழுதி முடித்ததும் ஒரு நகலை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். பென்சில் வரிகளில் சிலவற்றை அவர்களே திருத்தித் தருவார்கள்.