ஏரிப்படுகைப் பாலிகோனம்: பூவை விட்டுக் கணுவைப் பாருங்கள்

தண்ணீர் வற்றிய ஏரி, குளப் படுகைகளில் தரையோடு படரும் பொடியிலைச் செடிகளில் பாலிகோனம் பிளீபியமும் ஒன்று. பக்வீட் என்ற தானியச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் காட்டுச்செடி இது; ஆற்றலரிக்கும் சுக்கான் கீரைக்கும் உறவு. பூ 1 முதல் 1.5 மி.மீ. நீளம்தான். அதனால் பூவிலிருந்து தொடங்குகிறவர்கள் தடுமாறிப் போகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கணு.

10 மடங்கு கைலென்ஸ், மி.மீ. அளவுகோல், ஒரு துண்டுக் கறுப்புத் துணி இருந்தால் போதும். லென்ஸைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தண்டை லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். இலை புறப்படும் இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய வெள்ளை உறை தண்டைச் சுற்றியிருக்கும். இதற்கு ஒக்ரியா என்று பெயர். 2.5 முதல் 3 மி.மீ. உயரம், விளிம்பு கிழிந்து நார் நாராக நிற்கும், நரம்பு தெளிவாகத் தெரியாது. வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் பின்னால் கறுப்புத் துணியை வையுங்கள். அடிக்கணுக்களில் இந்த உறை தேய்ந்து உதிர்ந்துவிடும். ‘உறையே இல்லை’ என்று செடியை ஒதுக்குமுன் நுனிப்பக்கத்து இளங்கணுக்களையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இலை. 5 முதல் 15 மி.மீ. நீளம், 2 முதல் 4 மி.மீ. அகலம், கணுவுக்கு ஓர் இலை, மாறி மாறி. இந்த இடத்திலேயே பல போலிகள் கழிந்துவிடும். பொன்னாங்கண்ணிக்கு எதிரெதிர் இலை. சித்திரப்பாலாடைக்கும் அப்படியே, கிள்ளினால் பாலும் வரும். திராய்க்குக் கணுவில் இலைகள் கூட்டமாக இருக்கும், ஒக்ரியா கிடையாது. உண்மையில் ஏமாற்றுவது பாலிகார்ப்பான் புரோஸ்ட்ரேட்டம்தான்: அதே படுகை, அதே படர்வு, கணுவில் வெள்ளைச் செதிலும் உண்டு. ஆனால் அதில் செதில்கள் தனித்தனி, தண்டைக் குழாயாகச் சுற்றாது. இலைகளும் எதிரெதிராகவோ வட்டமாகவோ அமையும்.

பூக்கள் இலைக்கக்கத்தில், அதாவது இலையும் தண்டும் சேரும் மூலையில், சிறு கொத்தாக ஒட்டியிருக்கும். பச்சை இதழ் ஐந்து, விளிம்பு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. தண்டு நுனியில் கதிராகப் பூத்திருந்தால் அது ஆற்றலரி வகை. பெர்சிகேரியா என்ற பேரினத்தில் தேடுங்கள்.

மிச்சமிருக்கும் சிக்கல் அதே பேரினத்தின் இன்னொரு இனமான பாலிகோனம் அவிகுலேர். ஒக்ரியா, மாற்றிலை, கக்கப்பூ எல்லாம் அதற்கும் உண்டு. அதன் இலை 4 செ.மீ. வரை நீளும்; ஆனால் வறண்ட இடத்தில் குறுகிப்போகும் என்பதால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மகரந்தத்தாள் பிளீபியத்தில் 5, அவிகுலேரில் வழக்கமாக 8. பின்னதில் எண்ணிக்கை குறைவதும் உண்டு. நம்பகமானது விதை. கக்கத்திலிருந்து முற்றிய நாலைந்தை உதிர்த்து, ஒட்டியிருக்கும் காய்ந்த இதழை விரலால் தேய்த்து எடுங்கள். 1.5 முதல் 2 மி.மீ., கருப்பழுப்பு, வழவழப்பு, பளபளப்பு என்றால் பிளீபியம். 2.5 மி.மீ.க்கு மேல், மங்கல், மேற்பரப்பில் நுண்ணிய வரி என்றால் அவிகுலேர். ஈரமாக இருக்கும்போது எந்த விதையும் மினுங்கும், காயவைத்தபின் பாருங்கள். பச்சைக் காயில் இந்தச் சோதனை செல்லாது. முற்றிய விதை கிடைக்காவிட்டால் குறிப்பேட்டில் ‘பாலிகோனம்’ என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, அதே இடத்துக்குச் சில வாரம் கழித்துப் போங்கள்.