வடகக் கூழுக்கு நாக்கால உப்பு பாக்காதீங்க

போன வாரம் காலைல அஞ்சரை மணிக்கு கீழ் வீட்டுப் பொண்ணு மொட்டை மாடியிலருந்து கூப்பிட்டுச்சு. கல்யாணமாகி ரெண்டு வருஷம், இந்த வருஷம்தான் முதல் தடவையா தனியா ஜவ்வரிசி வடகம் போடுது. மூணு கிலோ ஊறவச்சு, கேஸ் அடுப்பை மாடிக்கு தூக்கிட்டுப் போயி, அடி பிடிக்காம கண்ணாடி மாதிரி கூழ் காய்ச்சி வச்சிருந்துச்சு. "அக்கா, உப்பு காரம் சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க"ன்னு கரண்டியில எடுத்து என் உள்ளங்கையில ஊத்துச்சு. நக்கிப் பாத்தேன். உப்பு கரெக்டா இருக்கு, காரம் கரெக்டா இருக்கு, எலுமிச்சம்பழப் புளிப்பும் சீரக வாசனையும் சேந்து அப்படியே ஒரு டம்ளர் வாங்கி குடிக்கலாம் போல இருந்துச்சு. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. ஏன்னா குடிக்கற கூழுக்கு சரியா இருக்கற உப்பு, காய வைக்கற கூழுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.

நான் முதல் வருஷம் பண்ணின அதே தப்பு. அதனாலதான் இதை எழுதறேன். காக்கா வரும், தூசி விழும், துணி சுத்தமா இருக்கணும்னு எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாம பண்றது, பண்ணி முடிச்சு மூணு நாள் கழிச்சுதான் தெரிய வர்றது, அதை மட்டும் சொல்றேன். வடகத்தோட மாங்காய், ஆடித் தேங்காய்னு இன்னும் சிலதும் இருக்கு.

உப்பு

எனக்கு இது நடந்தது 2009ல. மாமியார் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாங்க, அவங்க வர்றதுக்குள்ள போட்டு முடிச்சு டப்பாவுல அடைச்சு வச்சு காட்டணும்னு எனக்கு ஒரே ஆசை. அஞ்சு கிலோ ஜவ்வரிசி, பெரிய அண்டா, முப்பது லிட்டர் கிட்ட தண்ணி. உப்பு போட்டேன், ருசி பாத்தேன், பத்தல, இன்னும் ஒரு கை போட்டேன், திரும்ப பாத்தேன், இன்னும் கொஞ்சம் வேணும்னு தோணுச்சு, இப்படியே போட்டு போட்டு வாய்க்கு நல்லா வந்ததும் நிறுத்தினேன். அப்பறம் கூழ் கெட்டியா இருக்குன்னு ரெண்டு சொம்பு வெந்நி ஊத்தினேன், தண்ணி ஊத்தினோமே உப்பு குறைஞ்சிருக்கும்னு மறுபடியும் கொஞ்சம் போட்டேன். நாலு நாள் காய வச்சு எடுத்து எண்ணெயில போட்டா பூ மாதிரி பொரியுது, வெள்ளை வெளேர்னு, பாக்கறதுக்கு அவ்வளவு அழகு. வாயில வச்சா கடல் தண்ணி. பிள்ளைங்க ஒரு கடி கடிச்சிட்டு தட்டுலயே வச்சிட்டுப் போயிருச்சு. ஜவ்வரிசி போச்சு, கேஸ் போச்சு, நாலு நாள் வெயில் போச்சு, மாமியார் வந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. உப்பே போடாம வத்தக்குழம்பு வச்சு அதுல அஞ்சாறு அஞ்சாறா பொரிச்சுப் போட்டு தீத்தோம், அது தீர அடுத்த மாசி வந்துருச்சு.

கணக்கு ரொம்ப சுலபம், ஆனா யாரும் சொல்லித் தர்றதில்ல. ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு ஊறவைக்கறதும் காய்ச்சறதும் சேத்து ஆறு லிட்டர் தண்ணி போகுதுன்னு வைங்க. மொத்தம் ஏழு கிலோ கூழ். ஒரு ரசமோ சூப்போ நம்ம வாய்க்கு சரியா தெரியணும்னா நூறு கிராமுக்கு ஒரு கிராம் உப்பு கிட்ட வேணும், அப்ப ஏழு கிலோ கூழுக்கு 70 கிராம் உப்பு போனாத்தான் நாக்கு 'சரி'ன்னு சொல்லும். இப்ப அதை வெயில்ல வைக்கறோம். ஆறு லிட்டர் தண்ணியும் ஆவியா போயிரும். உப்பு எங்கயும் போகாது. அந்த 70 கிராமும் மிஞ்சற ஒரு கிலோ வடகத்துலதான் உக்காந்திருக்கும். நாக்கு ஏழு கிலோவுக்கு உப்பு பாத்துச்சு, நாம சாப்பிடப் போறது ஒரு கிலோவை.

கிலோவுக்கு 30 கிராம். அவ்வளவுதான், 35ஐ தாண்டவே கூடாது. கூழ் வாயில வச்சா சப்புன்னு இருக்கும், இருக்கணும், அப்பதான் அது சரி. பொடி உப்புன்னா தலை தட்டின டீஸ்பூன் ஒண்ணு சுமாரா 6 கிராம் வரும், அப்ப அஞ்சு ஸ்பூன். கல்லுப்பை ஸ்பூன்ல அளக்காதீங்க, கல்லுக்கு நடுவுல இடம் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை வரும், நிறுத்துதான் போடணும். தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் உப்பை மாத்தாதீங்க. ஊத்தற தண்ணி எல்லாம் திரும்பப் போகப் போற தண்ணி, உப்பை ஜவ்வரிசி எடைக்கு மட்டும்தான் பாக்கணும். காரமும் இதே கணக்குதான், கிலோவுக்கு 75 கிராம் பச்சை மிளகாய் அரைச்சு ஊத்துங்க, கூழ்ல காரமே இல்லையேன்னு இன்னும் பத்து மிளகாய் அள்ளிப் போடாதீங்க.

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்றது எங்கன்னா, எந்த வீடியோவைப் பாத்தாலும் 'தேவையான அளவு உப்பு', 'ருசி பாத்து போட்டுக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. சாம்பாருக்கு அப்படி சொல்லலாம். ஒரு வருஷத்துக்கு வச்சு சாப்பிடற பொருளுக்கு, மூணு நாலு நாள் கழிச்சுதான் ருசி தெரியப் போற பொருளுக்கு, அளவு சொல்லாம எப்படி சொல்லித் தர முடியும்? எங்க ஆயா காலத்துல தராசு கிடையாது, ஆனா ஒரு படிக்கு இத்தனை பிடி உப்புன்னு கையில கணக்கு இருந்துச்சு, அவங்க கூழை ருசி பாத்து நான் பாத்ததே இல்ல.

நம்பிக்கை வரலன்னா முந்தின நாளே ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை இதே கணக்குல காய்ச்சி, ஒரு தட்டுல மெலிசா ஊத்தி, மாடியில வச்சிருங்க. பங்குனி வெயில்ல சாயந்தரத்துக்குள்ள காஞ்சிரும். பொரிச்சு சாப்பிட்டுப் பாத்துட்டு அப்பறம் பெரிய அண்டாவை ஏத்துங்க.

கீழ் வீட்டுப் பொண்ணு மூணு கிலோவுக்கு 200 கிராம் உப்பு போட்டிருந்துச்சு. காஞ்ச வடகத்துலருந்து உப்பை எடுக்க வழியே கிடையாது, ஆனா கூழா இருக்கும்போது ஒரே ஒரு வழி இருக்கு. இன்னும் மூணு கிலோ ஜவ்வரிசி வாங்கிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, உப்பே இல்லாம, மிளகாயும் இல்லாம காய்ச்சி, ரெண்டு கூழையும் ஒண்ணா கலந்தோம். ஆறு கிலோவுக்கு 200 கிராம், கிலோவுக்கு 33. ஊத்தி முடிக்க மணி பதினொண்ணு ஆயிருச்சு, எங்க வீட்டு வேட்டி ரெண்டையும் எடுத்துட்டு வந்து விரிச்சோம், லேட்டா ஊத்தினதால ஒரு நாள் கூடுதலா காய வேண்டியிருந்துச்சு. பரவால்ல, தப்பிச்சது.

எந்த ஜவ்வரிசி

சேலத்துக்காரங்களுக்கு இதை சொல்லணுமான்னு தோணும், ஆனா நம்ம ஊருலயே நிறைய பேரு மாத்தி வாங்கறாங்க. போர்க் காலத்துல வெளிநாட்டுச் சரக்கு வராம நின்னப்ப, 1943 வாக்குல மரவள்ளிக்கிழங்குலருந்து இங்க பண்ண ஆரம்பிச்சது, 1981ல ஜவ்வரிசி ஆலைக்காரங்களோட சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்துச்சு, இப்ப 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. அவ்வளவு பேர் எடுத்த சாமான், அதுலயே ரெண்டு வகை இருக்கு. மாவு ஜவ்வரிசி வெள்ளையா இருக்கும், கையில எடுத்தா மாவு ஒட்டும், வெந்தா கரைஞ்சு கூழாகும். நைலான் ஜவ்வரிசி கண்ணாடி மணி மாதிரி இருக்கும், ஆவியில வேகவச்சு காய வைக்கறது, வெந்தாலும் முத்து முத்தா நிக்கும். எதுல வேணா வடகம் போடலாம், ரெண்டையும் ஒண்ணா போட்டு ஊறவச்சாத்தான் தொல்லை. ஒண்ணு கரைஞ்சு போயிருக்கும், இன்னொண்ணு நடுவுல வெள்ளைப் பொட்டோட நிக்கும், அந்தப் பொட்டு பொரிக்கும்போது பொரியாம பல்லுல கல்லு மாதிரி மாட்டும். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பளீர்னு இருக்கறதையும் வாங்காதீங்க. லேசா மங்கலான வெள்ளைதான் கிழங்கு மாவோட நிறம்.

எலுமிச்சம்பழம்

அடுப்பை அணைச்சு, கூழ் கை பொறுக்கற சூட்டுக்கு வந்தப்பறம் பிழியுங்க. கொதிக்கும்போது பிழிஞ்சா கூழ் இளகிரும், கசப்பும் ஏறும்.

கத்திரி வெயிலுக்காக காத்திருக்கறது

மே 4ல அக்னி நட்சத்திரம் வருது, அப்ப வெயில் நல்லா அடிக்கும், அப்ப போட்டுக்கலாம்னு இருக்கறவங்க நிறைய. வெயில் அடிக்கும்தான். ஆனா சித்திரை பாதி தாண்டிட்டா மதியம் ரெண்டு மணிக்கு மேல ஏற்காட்டு மலையைப் பாத்துட்டே உக்காந்திருக்கணும். எங்க மாடியிலருந்து சேர்வராயன் மலை முழுசா தெரியும், காலைல நீலமா இருக்கும், மதியம் மேல வெள்ளையா மேகம் கட்டும், அது கருத்துச்சுன்னா அரை மணி, ஒரு மணி நேரத்துல இங்க காத்து சுழட்டி அடிச்சு மழை கொட்டும். முதல் நாள் வடகம் துணியிலருந்து பிரியாது, அப்படியே சுருட்டவும் முடியாது, நனைஞ்சா திரும்ப கூழாயிரும். மாசி கடைசி, பங்குனியில போட்டு முடிச்சிருங்க. சூடு ஒரு பிடி கம்மிதான், ஆனா வானம் சுத்தமா இருக்கும்.

மாங்காய்க்கு உப்பைக் குறைக்கறது

வடகத்துக்கு நேர் எதிர் இது. "அவருக்கு பிரஷர் இருக்கு, அதனால ஊறுகாய்ல பாதி உப்புதான் போட்டேன்"னு சொல்றாங்க, பத்தாவது நாள் ஜாடி மேல வெள்ளையா பூஞ்சை படந்திருச்சுன்னு வந்து நிக்கறாங்க. ஊறுகாயை கெடாம காப்பாத்தறதே உப்புதான். கிலோ மாங்காய்க்கு 150 கிராம் கல்லுப்பாவது வேணும், அதை வெயில்ல காய வச்சு பொடிச்சு போடுங்க. பிரஷர் இருந்தா தட்டுல வைக்கற அளவைக் குறைக்கணும், ஜாடியில குறைக்கக் கூடாது. வேணும்னா அன்னன்னைக்கு ரெண்டு மாங்காய் நறுக்கி கம்மி உப்புல தாளிச்சு சாப்பிட்டுக்கோங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

அப்பறம், கிளிமூக்கு மாங்காய் ஊறுகாய்க்கு ஆகாது. உப்பு மிளகாய்த்தூள் தொட்டு சாப்பிடத்தான் அது. தொக்குக்கும் ஊறுகாய்க்கும் புளிச்ச நாட்டு மாங்காய்.

மாங்காய் பருப்பு

பருப்பு மலர்ந்து வெந்தப்பறம்தான் மாங்காய் போடணும். சேத்துப் போட்டா புளிப்புல பருப்பு வேகாம விதை விதையா நிக்கும்.

மல்கோவா

வெட்டி சாப்பிடுங்க. அதை அடுப்புல ஏத்தாதீங்க.

ஆடி ஒண்ணு தேங்காய்

எங்க ஊரு, நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் ஆடி ஒண்ணாம் தேதி தெருவெல்லாம் தேங்காய் சுடற வாசனை அடிக்கும். வெளியூர்லருந்து வந்த மருமகள்களுக்கு இது புதுசு, அதனால தப்பும் புதுசு புதுசா வருது. தேங்காயை நாரு இல்லாம தரையில தேய்ச்சு வழவழன்னு ஆக்கி, ஒரு கண்ணைத் திறந்து, தண்ணியை வடிச்சு, வெல்லம், பாசிப்பருப்பு, அவல், எள், ஏலக்காய் எல்லாம் உள்ள தள்ளி, கொஞ்சம் தண்ணியைத் திரும்ப ஊத்தி, அழிஞ்சி குச்சியை அந்தக் கண்ணுல சொருகி நெருப்புல வாட்டணும்.

இதுல ஆசைப்பட்டு கழுத்து வரைக்கும் அடைக்கறாங்க பாருங்க, அதுதான் தப்பு. பருப்பும் அவலும் வெந்தா ஊதும், தண்ணி ஆவியாகும், அதுக்கு இடம் வேணும். முக்கால் பங்குக்கு மேல போட்டா பருப்பு வேகறதுக்கு முன்னாடியே ஓடு வெடிச்சு வெல்லப்பாகு எல்லாம் நெருப்புல ஊத்திரும், பக்கத்துல நிக்கற பிள்ளைங்க கையில காலுல தெறிக்கும். பாசிப்பருப்பை அரை மணி ஊறவச்சோ வறுத்தோ போடுங்க, இல்லன்னா தேங்காய் வெந்திரும், பருப்பு நறுக் நறுக்குன்னு நிக்கும். வெறகு கொழுந்துவிட்டு எரியும்போது வைக்காதீங்க. ஓடு மட்டும் கருகி உள்ள எல்லாம் பச்சையாவே இருக்கும். தணல்ல வச்சு, குச்சியை கையில பிடிச்சு விடாம திருப்பிட்டே இருக்கணும், ஓட்டுல தானா ஒரு விரிசல் விட்டு வெல்லமும் தேங்காய்ப் பாலும் கலந்த வாசனை வரும், அப்ப எடுத்து பிள்ளையாருக்கு வச்சுட்டு உடைங்க.

தட்டுவடை செட்

ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னியும் காய்த் துருவலும் வச்சு குடுக்கற எங்க ஊரு தீனி இது. சட்னி தடவி அடுக்கினதும் வாய்க்குப் போகணும். டிபன் பாக்ஸுக்கு ஆகாது.

டப்பாவுல அடைக்கறது

வடகம் வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஈரம் இருக்கும். தடிமனா இருக்கறதுல ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாருங்க, டப்புன்னு ரெண்டாகணும். வளைஞ்சா இன்னும் ஒரு வெயில். வெயில்லருந்து எடுத்த சூட்டோட மூடியைப் போடாதீங்க, உள்ள வேர்த்து ஒரே வாரத்துல சிக்கு வாடை வந்துரும், நிழல்ல ஆற விட்டு அடைங்க.

கீழ் வீட்டுப் பொண்ணு நேத்து சாயந்தரம் ஒரு தட்டுல பொரிச்சு எடுத்துட்டு வந்துச்சு, அந்த ஆறு கிலோவுலருந்து முதல் ஈடு. காரம் கொஞ்சம் கம்மி, அது ரெண்டாவது மூணு கிலோவுல மிளகாய் போடாததால. உப்பு சரியா இருந்துச்சு. பாதியை அவங்க அம்மா வீட்டுக்கு ஆத்தூருக்கு குடுத்து விடப் போகுதாம்.