தைல பாட்டிலும் க்ரீம் டப்பாவும்: பென்சைல் ஆல்கஹால் குடும்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் போனாலும் சரி, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தாலும் சரி, தைலக்கடை கண்ணில் படாமல் இருக்காது. யூகலிப்டஸ், விண்டர்கிரீன், சிட்ரோனெல்லா, லெமன்கிராஸ் என்று பாட்டில்கள் அடுக்கியிருக்கும். இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டிலேயே வலி பாம், கை க்ரீம் செய்து ஹோம்ஸ்டேக்காரர்களுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த க்ரீம் கெடாமல் இருக்க ஆன்லைனில் வாங்கிச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று பென்சைல் ஆல்கஹால். விண்டர்கிரீன் தைலமும் இதுவும் பென்சீன் வளையம், அதாவது ஆறு கார்பன் அணுக்கள் வட்டமாகக் கோத்த அமைப்பு, கொண்ட சேர்மங்கள், அதாவது தூரத்து உறவு. இரண்டிலும் நடக்கும் தவறுகளுக்குக் காரணமும் ஒன்றுதான்: மூக்கை நம்பி அளவை விட்டுவிடுவது.

ஆபத்து அதிகம் என்பதால் விண்டர்கிரீனிலிருந்தே தொடங்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து வடிப்பது இது. பச்சை இலையில் அந்த வாசனை அவ்வளவாக வராது. வாசனைப் பொருள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். இலையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் இலையிலுள்ள நொதி அந்தப் பிணைப்பை உடைக்கும், அதன் பிறகே காய்ச்சுவார்கள். கிடைக்கும் எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே சேர்மம். ஆஸ்பிரின் மாத்திரைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது.

அந்தச் சொந்தத்தை மறப்பதுதான் முதல் தவறு. 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெய், கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரையில் 21க்கு மேல் ஒரே வாயில் போட்ட கணக்கு. சிறு குழந்தைக்கு 4 மில்லிகூட உயிருக்கு உலை வைத்திருக்கிறது. சூயிங்கம் போல மணப்பதால் குழந்தைகள் வாயில் வைக்கத் தயங்க மாட்டார்கள். மேல் அலமாரி, இறுக்கமான மூடி, ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காமை, இந்த மூன்றிலும் சமரசம் வேண்டாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

தடவுவதிலும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. குளிருக்கு இதமாக இருக்கும் என்று மூட்டில் தைலம் தேய்த்து, அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்துக் கட்டிக்கொள்வது மலையில் சாதாரணம். சூட்டில் தோலுக்குள் போகும் அளவு கூடும், தோல் வெந்து கொப்பளிக்கவும் செய்யலாம். இன்னொன்று, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள். வெளியே பூசும் மெத்தில் சாலிசிலேட்டே அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவு வரை கொண்டு போகும். 'வெளிப்பூச்சுதானே' என்ற தைரியம் அவர்களுக்கு ஆகாது.

'இது ஒரிஜினலா, கெமிக்கலா?' என்று கடையில் கேட்பது வழக்கம். சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்து ஆலையில் செய்யும் மெத்தில் சாலிசிலேட்டும் இலையிலிருந்து வருவதும் ஒரே மூலக்கூறு. முகர்ந்து பார்த்துச் சாதாரண ஆளால் பிரிக்க முடியாது. ஒரிஜினல் என்பதால் நச்சு குறைந்துவிடாது என்பதுதான் இதில் முக்கியம். வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று வேண்டுமானால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். யூகலிப்டஸ் எண்ணெய் மேலே மிதக்கும். விண்டர்கிரீன் தண்ணீரைவிடக் கனம், அதன் அடர்த்தி 1.18, எனவே குண்டு குண்டாக உருண்டு அடியில் உட்காரும். மிதந்தால் ஏதோ லேசான எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூழ்கினால் இலையிலிருந்து வந்ததுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது, ஆலைச் சரக்கும் மூழ்கும்.

சரி, க்ரீமுக்கு வருவோம். தண்ணீரோ ரோஜா நீரோ கற்றாழையோ சேர்த்த க்ரீமுக்குப் பிரிசர்வேட்டிவ் கட்டாயம் வேண்டும். குன்னூர் மழையில் அலமாரியில் இருக்கும் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கும்போது க்ரீம் எம்மாத்திரம். ஆனால் தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் உருக்கிச் செய்த பாமில் தண்ணீரே இல்லை, அதற்குப் பென்சைல் ஆல்கஹால் தேவையில்லை. கட்டி சோப்புக்கும் அப்படித்தான். யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று எல்லாவற்றிலும் ஊற்றுவது காசுக்கும் கேடு, தோலுக்கும் கேடு.

சேர்க்கும்போது சொட்டுக் கணக்கு வேண்டாம். ட்ராப்பர் துளைக்கும் அறையின் குளிருக்கும் ஏற்பச் சொட்டின் எடை மாறும். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பிரிசர்வேட்டிவாக 1 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. 100 கிராம் க்ரீமுக்கு 1 கிராம், அதுவே உச்சம். சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அளவைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்தால் தோல் எரிச்சல்தான் கூடும்.

பலருக்குப் புரியாத இடம் இனிமேல்தான் வருகிறது. 1 சதவீதம் சரியாகப் போட்டும் க்ரீம் கெட்டுப்போகிறதே, ஏன்? பென்சைல் ஆல்கஹால் புளிப்புப் பக்கம், பி.எச். (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்) 5க்குக் கீழே இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். சோப்புத் துருவல் போட்டுக் கூழாக்கிய க்ரீம் காரத்தன்மை கொண்டது, அதில் அதன் கை ஓங்காது. எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கப் பாலிசார்பேட் 80 சேர்த்திருந்தாலும் பென்சைல் ஆல்கஹாலின் வீரியம் குறையும். பாக்டீரியாவில் ஒரு பெரிய பிரிவை அது தனியாகச் சமாளிக்கவும் திணறும். அதனால்தான் டீஹைட்ரோஅசெட்டிக் அமிலம் போன்ற வேறு பிரிசர்வேட்டிவ்களோடு கலந்து விற்கிறார்கள். பி.எச். காகிதம் விலை அதிகமில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு நனைத்துப் பாருங்கள். விற்பனைக்குச் செய்வதென்றால் அழகுசாதனத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதை யாரும் கேட்பதே இல்லை.

வைக்கும் பாத்திரத்திலும் கவனம் தேவை. பென்சைல் ஆல்கஹால் நல்ல கரைப்பான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது அரிக்கும், விண்டர்கிரீனும் அதைத்தான் செய்யும். ட்ராப்பர் பாட்டிலைச் சாய்த்துப் போட்டு வைத்தால் ரப்பர் குமிழ் உப்பி, பிசுபிசுத்து, அழுத்தினால் திரும்பி வராமல் நசுங்கியே கிடக்கும். அதில் இளகியது பாட்டிலுக்குள்ளும் இறங்கும். கண்ணாடி பாட்டில், திருகு மூடி போதும். பாதி காலியான பாட்டிலில் காற்று நிறைய இருக்கும். மெல்ல மெல்லப் பென்சைல் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைந்து பென்சால்டிஹைடு ஆகும். திறந்ததும் பாதாம் எசன்ஸ் வாசனை தூக்கலாக அடித்தால் அதுதான் அடையாளம். அடுத்த கட்டம் பென்சாயிக் அமிலம். அந்தப் பாட்டிலை க்ரீமுக்கு எடுக்காதீர்கள். பெரிய பாட்டிலாக வாங்கினால் விலை குறைவு என்ற கணக்கு இங்கே உதவாது.

பெயரைப் பார்த்துக் குழம்புவதும் உண்டு. ஆல்கஹால் என்றிருப்பதால் கை கழுவும் சானிட்டைசருக்குப் பதிலாக இதைத் தேய்ப்பது தவறு, அந்த வேலைக்கு எத்தனால்தான். பீனாலோடு இதைக் குழப்பிக்கொள்வது மாணவர்கள் செய்வது. பென்சைல் ஆல்கஹாலில் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH), வளையத்துக்கு வெளியே தொங்கும் கார்பனில் இருக்கிறது. பீனாலில் அது நேராக வளையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு கார்பன் வித்தியாசத்தில் பீனால் அமிலமாகி, தோலில் பட்டால் வெளுக்க வெளுக்கச் சுடும். ஃபெர்ரிக் குளோரைடில் பீனால் ஊதா நிறம் காட்டும், பென்சைல் ஆல்கஹால் காட்டாது. யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியச் சரக்கான சினியோலில் பென்சீன் வளையமே கிடையாது. அதற்காக அது சாதுவும் அல்ல. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ அதைத் தடவவே கூடாது, மூச்சு இழுத்துக்கொள்ளும்.

பச்சிளம் குழந்தை என்றதும் 1982 நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளின் ஊசிக் குழாய்களைக் கழுவ 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் கலந்த உப்புநீரைப் பயன்படுத்தியதில், மூச்சுத் திணறிச் சில குழந்தைகள் இறந்தன. பெரியவர் உடலில் அது பென்சாயிக் அமிலமாகி, கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது, அமிலம் இரத்தத்தில் தேங்கிவிடும். இதைப் படித்துவிட்டு, லேபிளில் பெயரைக் கண்டதும் பெரியவர்கள் க்ரீமைக் குப்பையில் போட வேண்டியதில்லை. மல்லிகையிலேயே அது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு வீட்டு க்ரீம் வேண்டாம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும் என்பதால் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள்.

குளிர்காலத்தில் கம்பளியைப் பகிர்ந்து படுக்கும் வீடுகளில் சொறி சிரங்கு பரவினால் மருத்துவர் எழுதித் தரும் 25 சதவீத பென்சைல் பென்சோயேட் லோஷனும் இந்தக் குடும்பம்தான். அரிப்பு உள்ளவருக்கு மட்டும் பூசிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை எடுக்க வேண்டும், துணியையும் கம்பளியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி பூசினால் லோஷனே அரிப்பைக் கிளப்பும். முகத்தில் படக் கூடாது. குழந்தைகளுக்கு எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கடைசியாகத் தேநீர். பென்சைல் ஆல்கஹாலும் ரோஜா வாசனைக்குக் காரணமான ஃபீனைல் எத்தனாலும் தேயிலையில் சர்க்கரையோடு பிணைந்து கிடந்து, இலையை வாட்டி உருட்டும்போது விடுபடுகின்றன. பென்சைல் ஆல்கஹாலின் கொதிநிலை 205 டிகிரி, தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் போகாது, அதனால் வாசனை எங்கும் போய்விடாது என்று வாதாடுபவர்கள் உண்டு. 100 டிகிரிக்குக் கீழேயே நீராவி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தைலம் காய்ச்சுவதே அந்த வித்தையில்தான். நல்ல நீலகிரித் தேயிலையைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சமையலறை மணக்கும், டம்ளரில் துவர்ப்புதான் மிஞ்சும். கொதித்த நீரை ஊற்றி, மூடி வைத்து, மூன்று நான்கு நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். தேயிலை டின்னையும் தைல பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.