இடிந்த பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரிப்பேர் செலவைக் கணக்குப் போடுவது எப்படி

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் சிதிலமான வீடு விலைக்கு வந்தால் உடனே ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டுவோம், அவர் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாயால் ஒரு தொகை சொல்வார், அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். என் சித்தப்பா அல்சூரில் வாங்கியபோது இதுதான் நடந்தது. 6 லட்சம் என்றார்கள், கூரைக் காரையைத் தட்டியதும் 13 லட்சத்தில் போய் நின்றது. வாங்குவதற்கு முன்பே தட்டிப் பார்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். ஒரு ஏணி, சின்னச் சுத்தியல் கொண்டுபோய் தளத்தின் அடிப்பக்கத்தை அடி அடியாகத் தட்டுங்கள், பொத்தென்று சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு அளந்து எழுதுங்கள். இரண்டு மூன்று இடம் என்றால் துருவைச் சுரண்டி ஒட்டுப்போடலாம். பாதிக்கு மேல் பொத்தென்று ஒலித்து, கம்பியும் மெலிந்திருந்தால் தளத்தையே மாற்றவேண்டிய செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை என்றால், அந்த உத்தரங்கள் சுவருக்குள் போகும் நுனியைப் பாருங்கள், மக்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான்.

சுவரில் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் பூச்சோடு போய்விடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழையும் அகலத்தில், சுவரின் மறுபக்கமும் தெரிகிற வெடிப்பு வேறு. அதற்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் வேண்டும். அவருடைய ஃபீஸைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

அப்புறம், மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை இருக்கும். சாலையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன, தண்ணீர் வாசல் தாண்டி வருகிறதா, சுவரின் அடியில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தரையை ஏற்றினால் கதவு நிலைகளையும் ஏற்றவேண்டும், உள்ளே உயரமும் குறையும். ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி அளவு. பலரும் தரைப் பரப்பை வைத்தே கணக்குப் போடுகிறார்கள், அது தப்பு. 10க்கு 12 அறையின் தரை 120 சதுர அடிதான், ஆனால் 10 அடி உயரம் இருந்தால் நான்கு சுவரும் சேர்ந்து 440, மேலே தளத்தின் அடிப்பக்கம் 120, ஆக ஜன்னல் கதவைக் கழிக்காமல் 560 சதுர அடிப் பூச்சு. ஒவ்வொரு அறைக்கும் இப்படி எழுதி, வேலைவாரியாகப் பட்டியல் போட்டு, அதே பட்டியலை இரண்டு மேஸ்திரிகளிடம் கொடுங்கள். சாமான் யாருடையது, இடிபாடு அள்ளுவது யார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். லாரி நுழையாத சந்து என்றால் மணலும் செங்கல்லும் தலைச்சுமையாகத்தான் வரும், அந்தக் கூலியை யாரும் முதலில் சொல்வதில்லை.

வயரிங், தண்ணீர்க் குழாய் இரண்டையும் ஆராய வேண்டாம், முழுக்க மாற்றுவதாகவே போடுங்கள். வந்த மொத்தத்தோடு இன்னும் கால் பங்கு சேருங்கள். சுவரை உடைத்தபின் தெரிகிற வேலை கட்டாயம் இருக்கும். காத்தா என்கிற மாநகராட்சிச் சொத்துப் பதிவு, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள்.

இந்தத் தாளையும் எஞ்சினியர் எழுதிக் கொடுத்ததையும் வைத்துக்கொண்டுதான் விலை பேசப் போகவேண்டும். கூரை மாற்றும் தொகையைக்கூடக் குறைக்கமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸ் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.