பாம்புக்குக் காது கேட்குமா? மீட்பு வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்காதே, ஒரு கையில் பாம்பும் மறுகையில் போனுமாக நிற்காதே, ரப்பர் செருப்போடு வராதே. இதையெல்லாம் இன்னொரு தடவை எழுதப் போவதில்லை. புதிதாகப் பாம்பு மீட்க வரும் தம்பிகளிடம் வருஷா வருஷம் நான் பார்ப்பது வேறு ரகம். நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள்தான். பாம்புக்குக் காது கேட்காது என்று நம்பிப் பாதிப்பேர் மாட்டுகிறார்கள், நன்றாகவே கேட்கும் என்று நம்பி மீதிப்பேர்.

"காதே இல்லை, அப்புறம் எங்கே கேட்பது?"

வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் உள்காது இருக்கிறது. நம் நடுக்காதில் இருப்பதுபோல ஒரு சிற்றெலும்பும் உண்டு. அது செவிப்பறைக்குப் போகாமல், கீழ்த்தாடையைத் தாங்கும் எலும்போடு சேர்ந்திருக்கிறது. தாடை தரையில் படிந்திருக்கும்போது மண்ணில் வரும் அதிர்வு தாடையில் ஏறி, அந்த எலும்பு வழியாக உள்காதுக்குப் போய்விடும். பாம்பின் கீழ்த்தாடை இரண்டு பாதிகளாகத் தனித்தனியே அசையக்கூடியது. அதனால் அதிர்வு இடமிருந்து வருகிறதா வலமிருந்து வருகிறதா என்றுகூட அதனால் பிரித்தறிய முடியும் என்று 2008இல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, காற்றில் வரும் சத்தம்? அதுவும் சேரும் என்பதை 1970களின் தொடக்கத்திலேயே பீட்டர் ஹார்ட்லைன், பாம்பின் மூளையில் எழும் மின்துடிப்பை அளந்து சொல்லிவிட்டார். உள்காது ஒரு பாதை, உடம்பின் தோல் இன்னொரு பாதை. 2012இல் டென்மார்க்கில் ராயல் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்துச் சோதித்தபோது, காற்றொலி பட்டு மண்டையோடே அதிர்வதும், அந்த அதிர்வைத்தான் உள்காது பிடிப்பதும் தெரிந்தது. நன்றாகப் பிடித்தது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியை. அதற்கும் ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டியிருந்தது.

குசுகுசுவென்று பேசுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டுச் சிலர் பாம்பின் முன்னால் ஊமைப்படம் நடத்துகிறார்கள். வேண்டாம். ஆண்குரலின் அடிநாதம் பாம்பின் எல்லைக்குள் விழுகிறது என்பது உண்மை. ஆனால் சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமாருக்குத்தான் வரும். துணைக்கு நிற்பவரிடம் "பையை இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சைகை புரியாமல் பையின் வாயை அவர் மூடிவிடுவது பேச்சை விட ஆபத்து. பக்கத்தில் நின்று கத்துவதும் நாற்காலியைத் தரதரவென்று இழுப்பதும் வேறு விஷயம்.

"தரையை மிதித்தால் ஓடிவிடும்"

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். பாம்புக்கு அதிர்வு தெரியும் என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், மறுநாளிலிருந்து பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார்கள். அதிர்வு போய்ச் சேருவது ஒன்று, சேர்ந்தபின் பாம்பு என்ன செய்யும் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பியவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மட்டைக் குவியலுக்குள் பாம்பு நுழைந்ததாகத் தோப்புக்காரர் கூப்பிட்டிருந்தார். கூட வந்த தம்பி வேலைக்குப் புதுசு. குவியலைச் சுற்றிச் சுற்றி மிதித்தான், கம்பால் தட்டினான். ஒன்றும் அசையவில்லை. "போயிருச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, நான் வாய் திறப்பதற்குள், ஒரு மட்டையைக் கையால் இழுத்துவிட்டான். அப்போதுதான் சீறல் எழுந்தது. குக்கரில் ஆவி பிடுங்குவதுபோல நீளமாக, விடாமல். கண்ணாடி விரியன். அவன் கைக்கும் அதன் தலைக்கும் நடுவே இன்னும் இரண்டு மட்டை கிடந்ததால் தப்பித்தான். அவன் மிதித்த மிதி அத்தனையும் அதற்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்துதான் அசையாமல் கிடந்தது.

கண்ணாடி விரியன் பதுங்கிக் கிடந்து இரை பிடிக்கும் பாம்பு. ஆபத்து வந்தால் சருகோடு சருகாகக் கிடப்பதுதான் அதன் முதல் தற்காப்பு. மிதிக்க மிதிக்க இன்னும் இறுக்கிச் சுருண்டுகொள்ளும். சுருட்டை விரியனும் அப்படித்தான், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே செதிலை உரசிக் காட்டும். சாரை ஓடும், நல்ல பாம்பும் வழி இருந்தால் ஓடப் பார்க்கும். அந்த இரண்டையும் பார்த்துப் பழகியவர்கள்தான் எல்லாப் பாம்புக்கும் ஒரே விதி எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் 19 பாம்புகளுக்கு ஒரே மாதிரி ஒலிகளைப் போட்டார்கள். டைப்பான், பழுப்புப் பாம்பு, டெத் ஆடர் என்ற அந்த ஊர் விஷப்பாம்புகள் விலகிப் போகப் பார்த்தன. வோமா மலைப்பாம்பு ஒலி வந்த பக்கம் நகர்ந்தது. காது ஏறக்குறைய ஒன்றுதான், செய்கை வேறு.

மண்ணையும் பாருங்கள். காய்ந்த கெட்டித் தரையில் ஓடும் அதிர்வு, சேற்றிலும் தளர்ந்த மணலிலும் சீக்கிரமே செத்துவிடும். வயல் வரப்பில் நீங்கள் மிதிக்கும் மிதி உங்கள் முழங்காலுக்குத்தான் கேடு.

வடநெம்மேலியில் 1978இலிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் வேலை செய்வதைக் கவனித்தால் தெரியும். தடம், எச்சம், உரித்த சட்டை, வளையின் வாயில் தெரியும் வழவழப்பு என்று கண்ணால்தான் தேடுகிறார்கள். பிறகு கடப்பாரை. தரையை மிதித்துப் பாம்பைக் கிளப்புவது அவர்கள் முறையில் இல்லை. அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த மருந்து ஏறியும்கூட, கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போகிறவர்கள் உண்டு. ஆகவே மட்டையை நீளமான கொக்கியால் உங்கள் பக்கமாக இழுங்கள், குவியல் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் நிற்கும். எதுவும் அசையவில்லை என்றால் பாம்பு அங்கேயே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சீறினால் மற்றப் பாம்பு வந்துவிடும்"

வராது. சீறலில் இருப்பது பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி, பாம்பின் காது 1,000 தாண்டவே திணறும். அது நமக்கான எச்சரிக்கை.

மகுடி

பாம்பு பின்தொடர்வது மகுடியின் அசைவை, ராகத்தை அல்ல.

மீயொலி விரட்டி

நம் காதுக்கே எட்டாத உயர்ந்த ஒலியை எழுப்பும் கருவி. 1,000 ஹெர்ட்ஸ் தாண்டவே திணறும் காதுக்கு அது எங்கே எட்டும்? வாங்காதீர்கள்.

வீட்டுக்காரர்களைத் தட்டவிடுவது

நீங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே தாம்பாளம் அடித்து, கட்டிலை நகர்த்தி, பீரோவை உதைத்திருப்பார்கள். கூடத்தில் திறந்த வெளியில் கிடந்த பாம்பு, சிலிண்டருக்குப் பின்னாலோ வாஷிங் மெஷினுக்கு அடியிலோ போயிருக்கும். பத்து நிமிஷ வேலை பாதி ராத்திரி வரை இழுக்கும். போன் வந்தவுடன் வழி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒரு ஆள் மட்டும் வாசற்படியில் நின்று பாம்பு எங்கே போகிறது என்று கண் எடுக்காமல் பார்க்கட்டும். அவர் நகரக் கூடாது, எதையும் தட்டக் கூடாது. இருட்டு என்றால் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கட்டும்.